வினாகிரிக்கு ஒரு வெளியீட்டு விழா

ரொறன்ரோவில் ஒரு தமிழ்ப் புத்தகத்தை வெளியிடுவது மிகவும் சுலபம். அதை ஒருவரை வாசிக்க வைப்பதுதான் நடக்காத காரியம். மூன்று புத்தகம் வெளியிட்டவன் என்ற முறையில் இதை வயிற்றெரிச்சலோடு சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

மூன்றும் கடல் புத்தகங்கள். இளவயதில் சரக்குக் கப்பல்களில் ஏறி, எந்த நாட்டுக் கொடி பறக்கிறது என்றுகூடப் பார்க்காமல் துறைமுகம் துறைமுகமாகச் சுற்றியவன் நான். கனடாவில் இறங்கிய பிறகு ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நின்றேன், பிறகு நெடுந்தூர ட்ரக் ஓட்டினேன். தண்ணீர் ஆசை விடவில்லை. பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கிக் கோடை முழுவதும் ஒன்ராறியோ ஏரியில் ஓட்டினேன். குளிர் வந்து படகைக் கரையில் ஏற்றியதும் எழுத உட்காருவேன். முதல் புத்தகம் கப்பல் வாழ்க்கை. இரண்டாவது, ஏரியில் பாய் விரித்த கதை. மூன்றாவதை ஒரேயொரு மனுஷிக்காக எழுதினேன். அந்த மூன்றாவதைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். சொல்ல நினைக்கும்போதே இரத்தம் கொதிக்கிறது.

கப்பலில் எனக்கு ஒரு நண்பன் இருந்தான். என் தீவைச் சேர்ந்தவன், இருவருக்கும் ஒரே அந்தோனியார் கோயில். கரையில் இறங்கினால் எங்கள் எல்லோரையும் விடக் கூடக் குடிப்பான், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கப்பல் ஓடத் தொடங்கினால் ஒரு துளியும் தொடமாட்டான். கேட்டால், 'கடலுக்கு மரியாதை குடுக்கவேணும்' என்பான். பிஸ்கே விரிகுடாவில் ஒரு புயலில் மேல்தட்டில் அடுக்கியிருந்த மரங்களைக் கட்டிய சங்கிலி அறுந்தது. அந்த நேரத்தில் ஒரு மனிதனை வெளியே அனுப்பக்கூடாது. கப்டன் என் நண்பனை அனுப்பினான். அவன் போனான், அலை வந்தது, அவன் இல்லை.

கம்பனிக்காரர் அவனுடைய குடும்பத்துக்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? குடிபோதையில், யாருக்கும் சொல்லாமல், தன்பாட்டுக்கு வெளியே போய் விழுந்துவிட்டான் என்றார்கள். குடிகாரன் விழுந்தால் கம்பனிக்குப் பொறுப்பில்லை அல்லவா. நாங்கள் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த துறைமுகத்தில் எங்களைப் பிரித்து வேறு வேறு கப்பல்களில் ஏற்றிவிட்டார்கள். அவனுடைய மனைவி அப்போது கைக்குழந்தையோடு யுத்தத்துக்குள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தார். எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

வெகுகாலம் கழித்து, ஒரு கோயில் திருநாளில் என் மனைவிதான் அவரைக் கண்டுபிடித்தாள். மகளோடு இதே ரொறன்ரோவில், ரெக்ஸ்டேலில் இருக்கிறார் என்றாள். அடுத்த ஞாயிறே போனேன். மகள் வந்து கதவைத் திறந்தாள், தகப்பனின் நெற்றி அப்படியே இருந்தது. தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்டைக்குக் கப்பலிலை..." என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்திவிட்டார்.

"அண்ணை, கப்பல் கதை இந்த வீட்டிலை கதைக்கிறேல்லை. எனக்கு எல்லாம் தெரியும். தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது."

அவருக்கு என்ன தெரியும் என்பது எனக்குத் தெரியும். கம்பனி சொன்னது தெரியும். குடிகாரப் புருஷன் தன்னையும் பிள்ளையையும் நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போனான் என்பது தெரியும். அதற்குமேல் ஒரு சொல் கேட்க அவருக்கு விருப்பமில்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். வாயால் சொல்ல விடாவிட்டால் எழுத்தால் சொல்வேன் என்று காரில் வைத்தே முடிவெடுத்தேன். புத்தகம் என்றால் தனியாக இருந்து வாசிக்கலாம், பாதியில் மூடலாம், அழவேண்டுமென்றால் அழலாம். அவர் அறியவேண்டியது ஒன்றே ஒன்று. அவர் புருஷன் அன்றைக்குக் குடிக்கவில்லை.

எழுதி முடிக்க இரண்டு குளிர்காலம் போனது. நடுவில் ஒரு பெரிய அத்தியாயம் முழுக்க அந்தப் புயல்தான். கப்டன் என்ன சொன்னான், நான் என்ன சொன்னேன், அவன் என்ன சொல்லிவிட்டுப் போனான் என்று எல்லாம் எழுதினேன். சென்னையில் அச்சிட்டுப் பெட்டிகளில் வந்து சேர்ந்தது. பிறகு ஸ்காபரோவில் வெளியீட்டு விழா.

இந்த விழாக்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மங்கள விளக்கேற்றுவார்கள். கனடாவின் கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, அகவணக்கம். பிறகு வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, மதிப்பீட்டுரை, ஏற்புரை, நன்றியுரை. இத்தனை உரைகளுக்கு நடுவில் புத்தகம் என்று ஒன்று மேசையில் றிபன் கட்டிக் கிடக்கும். சிறப்புப் பிரதி வாங்குபவர்களைப் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிடுவார்கள். அவர்கள் புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக் கமெராவைப் பார்ப்பார்கள். வீட்டுக்குப் போய் அதைத் திறந்தவன் இன்னும் பிறக்கவில்லை.

மதிப்பீட்டுரை செய்தவர் எங்கள் இலக்கிய வட்டத்தின் தலைவர். முதல்நாள் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, புத்தகத்தின்ரை சாரத்தை ஒருக்காச் சுருக்கிச் சொல்லுங்கோ. வாசிச்சிட்டன், எண்டாலும் உங்கடை வாயாலை கேட்டால் நல்லது."

நான் ஒரு மடையன், புயல் அத்தியாயத்தை ஆதியோடந்தமாகச் சொன்னேன். அடுத்தநாள் அந்தாள் மேடையில் ஏறி என் கதையை எனக்கே திருப்பிச் சொன்னார். அலை வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். 'கடலைப் போல ஆழமான நூல்' என்றார். முதல் இரண்டு புத்தகத்துக்கும் இதே வசனத்தைத்தான் சொன்னவர். சபை கைதட்டியது.

என் நண்பனின் மனைவி வந்திருந்தார். என் மனைவி வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு வந்தாள். சிறப்புப் பிரதி வாங்க மேடைக்கு வந்தபோது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. புத்தகத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

பிறகு நான் காத்திருந்தேன். ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு வருடம். அவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. கோயிலில் கண்டால் தலையை அசைத்துவிட்டு மற்றப் பக்கத்தால் போய்விடுவார். வாசித்துவிட்டாரா, வாசித்தும் நம்பவில்லையா, நம்பியும் எனக்கு நன்றி சொல்ல மனமில்லையா? ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. செத்தவனுக்குச் செய்யவேண்டிய கடமையைச் செய்திருக்கிறேன், ஒரு 'ஓம், வாசிச்சன்' சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று மனைவியிடம் கத்தினேன். அவள், "அவவின்ரை மனசு என்ன பாடுபடுதோ, விடுங்கோ" என்றாள்.

மற்றவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். கடையில் கண்டவரிடம் கேட்டேன், கல்யாண வீட்டில் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். "புயல் அத்தியாயம் எப்பிடி?"

"ஓம் அண்ணை, கண் கலங்கிட்டுது."

"எழுத்தெண்டால் உதுதான் அண்ணை."

"அந்த இடத்திலை புத்தகத்தை மூடி வைச்சிட்டன், மேலை வாசிக்க ஏலாமல் போச்சு."

இத்தனை பேர் அழுதார்கள், அழவேண்டிய ஒருவர் மட்டும் வாய் திறக்கவில்லை. போதும் என்று பேனாவை மூடினேன். இனி எழுதுவதில்லை என்று மனைவிக்கும் சொன்னேன், இலக்கிய வட்டத்துக்கும் சொன்னேன். அவர்கள் 'ஐயையோ' என்றார்கள். அதையும் வாசிக்காமலே சொன்னார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

வைன் செய்யத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பாய்ப்படகை ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன், முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு இத்தாலியக் குடும்பம். ஒவ்வொரு இலையுதிர்காலமும் கராஜுக்குள் திராட்சை பிழிவார்கள். அந்த மணம் வேலி தாண்டி வந்தது. அவர்களுடைய பிழியும் பொறியை இரவல் வாங்கினேன். நயாகராப் பக்கத் தோட்டம் ஒன்றுக்கு வான் வண்டியை ஓட்டிப்போய்ப் பெட்டி பெட்டியாகக் கறுப்புத் திராட்சை ஏற்றி வந்தேன். நசித்து, தோலோடு நொதிக்க விட்டு, நாளுக்கு இரண்டு தடவை கிண்டி, பிழிந்து, பேஸ்மென்டில் பெரிய கண்ணாடிச் சாடிகளில் நிரப்பினேன். ஒவ்வொரு சாடியின் வாயிலும் ஒரு சின்னக் குழாய். அதற்குள் தண்ணீர் நிற்கவேண்டும். உள்ளே இருக்கும் வாயு குமிழ் குமிழாக வெளியே வரும், வெளிக்காற்று உள்ளே போகாது. அந்தத் தண்ணீர் வற்றினால் காற்று புகும், வைன் புளித்துக் காடியாக, வினாகிரியாக மாறிவிடும்.

இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது, காரணம் திராட்சைக்கு முகஸ்துதி தெரியாது. பழுக்குமுன் ஆய்ந்தால் புளிக்கும், அழுக்குச் சாடியில் ஊற்றினால் நாறும். நல்லதோ கெட்டதோ அடுத்த வருடமே முகத்துக்கு நேரே சொல்லிவிடும். இன்னொன்றும் நினைத்தேன். வாசிக்காமல் புத்தகத்தைப் புகழலாம், குடிக்காமல் வைனை எப்படிப் புகழ்வார்கள்? நாக்கு என்று ஒன்று இருக்கிறதே. விற்கச் சட்டம் விடாது, விற்கும் எண்ணமும் இல்லை. போத்தலில் அடைத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

முதலில் கதை வேறு விதமாகக் கிளம்பியது. 'எழுத்தாளர் இப்ப கள்ளு இறக்கிறாராம்' என்று. யார் சொன்னது? பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் எடுத்து, பின்பக்கக் கார் தரிப்பிடத்தில் டிக்கியைத் திறந்து வைத்துவிட்டு விஸ்கி ஊற்றுகிற கூட்டம் சொன்னது. கையில் பிளாஸ்டிக் கோப்பையோடு நின்றுகொண்டு என்னைக் கள்ளிறக்குகிறவன் என்று நையாண்டி பண்ணினார்கள். கள்ளிறக்குவது அவர்களுக்கு ஏன் நையாண்டி என்று எனக்குத் தெரியும். கடல் கடந்து வந்தும் அந்த ஊத்தைச் சாதிப் புத்தியைக் கொண்டுவந்து பனியிலும் வாடாமல் வளர்க்கிறார்கள். ஒருவரிடம் முகத்துக்கு நேரே கேட்டேன், கள்ளு இறக்குகிறவன் வேலை செய்கிறான், நீ என்ன செய்கிறாய் என்று. அவர் சிரித்து மழுப்பினார்.

பிறகு காற்று திசை மாறியது. வைன் நாகரிகமான சாமான் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கவேண்டும். கொடுத்த போத்தலுக்கெல்லாம் புகழ்மாலை வரத் தொடங்கியது. ஒருநாள் ஒரு வீட்டுக்குப் போனபோது, போன வருடம் கொடுத்த என் போத்தல் மூடி திறக்காமல் காட்சி அலுமாரியில் நின்றது. பக்கத்தில் என் மூன்று புத்தகம். "உங்கடை வைன் சொல்லி வேலையில்லை அண்ணை" என்றார் வீட்டுக்காரர். நான் அலுமாரியைப் பார்த்தேன், அவரும் பார்த்தார், உடனே டீவியின் சத்தத்தைக் கூட்டினார்.

இந்த நேரத்தில்தான் தலைவர் வந்து சேர்ந்தார்.

"அண்ணை, வைனுக்கு ஒரு வெளியீட்டு விழா வைப்பம்."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அவர் நிகழ்ச்சி நிரலையே எழுதிக்கொண்டு வந்திருந்தார். என் வீட்டுப் பின்வளவில், ஒரு ஞாயிறு பின்னேரம். மங்கள விளக்கு, அகவணக்கம், வரவேற்புரை. முதற்போத்தல் கையளிப்பு. மதிப்பீட்டுரை.

"மதிப்பீட்டுரை ஆர்?"

"நான்தான் அண்ணை."

"நீங்கள் குடிக்கிறேல்லையே."

"ஓம், எனக்குச் சீனி வருத்தமெல்லோ. அது பறவாயில்லை, நீங்கள் அதின்ரை சாரத்தைச் சுருக்கிச் சொல்லுங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும், வரவில்லை. மூன்று புத்தகத்தின் கோபமும் ஒரேயடியாக மண்டைக்குள் ஏறியது. சரி, விழா வையுங்கள் என்றேன். அவர் போனதும் பேஸ்மென்டுக்கு இறங்கினேன். மூலையில் ஒரு சாடி நின்றது. கோடையில் நாங்கள் கல்யாணம் ஒன்றுக்கு மொன்றியலுக்குப் போயிருந்தபோது அதன் குழாயில் தண்ணீர் வற்றிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் மூக்கைத் துளைக்கிற சுத்த வினாகிரி. அச்சாறு போட உதவும் என்று மனைவி எடுத்து வைத்திருந்தாள். அந்தச் சாடியைத்தான் விழாவுக்கென்று போத்தல்களில் அடைத்தேன். நல்ல வைன் பக்கத்திலேயே நின்றது, அதைத் தொடவில்லை. வருகிறவர்களில் ஒருத்தனாவது 'உது வினாகிரி' என்று சொல்கிறானா பார்ப்போம் என்று நினைத்தேன்.

விழாவன்று பின்வளவு நிறைந்தது. வாடகைக் கதிரை, ஒலிவாங்கி, பதாகை எல்லாம் வந்தன. வடையும் றோல்ஸும் வந்தன. விளக்கேற்றி முடிந்ததும் தலைவர் முதற்போத்தலைத் தூக்கிப் பிடித்தார், கமெராக்கள் மின்னின. மனைவி தட்டத்தில் சின்னக் கிளாசுகளைக் கொண்டு வந்தாள். ஒன்றை மணந்து பார்த்துவிட்டு என் காதுக்குள் குனிந்தாள்.

"இஞ்சருங்கோ, உது அச்சாறுக்கு வைச்சதெல்லோ?"

"பேசாமல் குடும்."

"உங்களுக்கு என்ன விசரோ?"

"ஓம். குடும்."

கொடுத்தாள். நான் வேலியோரம் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். உதட்டில் பட்டதும் கண் சுருங்கியது, கன்னம் உள்ளே இழுத்தது, ஒருவருக்குப் புரைக்கேறி இருமலே வந்தது. இருமி முடித்துவிட்டு அவர் சொன்னார்: "நல்ல காரம். உதுதான் அசல்." இன்னொருவர் பிரெஞ்சு வைன் இப்படித்தான் இருக்கும் என்றார். ஒருவர் மிச்சத்தை என் மனைவியின் றோசாச் செடிக்கு ஊற்றிவிட்டு வெற்றுக் கிளாசை எனக்கு உயர்த்திக் காட்டினார். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, தன்னுடைய கிளாசைத் தொடாமலே, இந்த வைன் கடலைப் போல ஆழமானது என்றார். சபை கைதட்டியது. வினாகிரிக்குக் கைதட்டிய ஒரே இனம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

அப்போதுதான் என் நண்பனின் மனைவியைக் கண்டேன். பின்வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாளாம், வருவார் என்று அவளே எதிர்பார்க்கவில்லையாம். மனைவி அவருக்கு மட்டும் வேறு தட்டத்தில் தண்ணீர் கொண்டு போனாள். அவர் அதை விலக்கிவிட்டு வைன் கிளாசை எடுத்தார். ஒரு மிடறு. உடனே கைலேஞ்சியில் துப்பினார். எழுந்து நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணை, உது வைன் இல்லை. வினாகிரி."

எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. "ஓம் தங்கச்சி," என்றேன், "வினாகிரிதான்."

"தெரிஞ்சுகொண்டே குடுக்கிறியளோ?"

"ஓம். ஆர் உண்மை சொல்லுகினம் எண்டு பாக்கத்தான். நீங்கள் ஒராள்தான் சொன்னது."

நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. முகம் இறுகியது. "அப்ப புத்தகத்திலையும் தெரிஞ்சுகொண்டுதான் செய்தனீங்களோ?" என்று கேட்டார்.

"என்னத்தை?"

"மற்ற ஆக்களைச் சோதியுங்கோ, அது உங்கடை விருப்பம். என்னை ஏன் அண்ணை சோதிச்சனீங்கள்?"

ஒலிவாங்கியில் யாரோ வாழ்த்துரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றும் விளங்காமல் அவரைக் கராஜுக்குள் கூட்டிப்போனேன். கைப்பையைத் திறந்து என் மூன்றாவது புத்தகத்தை எடுத்தார். முதுகு வெடித்து, ஓரங்கள் மடிந்து, கைபட்டுக் கறுத்திருந்தது. என் புத்தகம் ஒன்றை அந்த நிலையில் நான் அதுவரை கண்டதில்லை. நடுவில் ஒரு அந்தோனியார் படம் அடையாளத்துக்கு வைத்திருந்தார். அந்த இடத்தைத் திறந்து நீட்டினார்.

சங்கிலி அறுந்த சத்தம் கேட்டு அவன் கட்டிலிலிருந்து எழுந்தான் என்று பக்கம் முடிந்தது. திருப்பினேன். வெந்தயத்தை முதல்நாளே ஊறவைத்து வெறும்வயிற்றில் சாப்பிட வேண்டும் என்று இருந்தது. பிறகு பாகற்காய். பிறகு எந்த அரிசி, எவ்வளவு சோறு, எந்தப் பழம் ஆகாது. நீரிழிவுக்காரருக்கான சாப்பாட்டுப் புத்தகம். பதினாறு பக்கம். அச்சகத்தில் இரண்டு புத்தகமும் ஒரே நேரத்தில் ஓடியிருக்கவேண்டும், அச்சடித்த கட்டு மாறிக் கோத்துவிட்டார்கள். பக்க இலக்கம்கூடப் பிசகவில்லை. அது முடிய என் எழுத்து திரும்பவும் தொடங்கியது: மறுநாள் கடல் அமைதியாக இருந்தது, அவனுடைய போர்வை மடித்தபடியே கிடந்தது.

கராஜின் மூலையில் மிச்சப் பிரதிகள் பெட்டிகளில் இருந்தன. ஒரு பெட்டியைக் கிழித்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன், வெந்தயம். இன்னொன்று, வெந்தயம். அச்சுக்குப் போகுமுன் வாசித்து வாசித்துச் சலித்த கண், அச்சாகி வந்த பிறகு அட்டையைத்தான் பார்க்கும். அது எழுதுகிறவனுடைய விதி. மற்றவர்களுக்கு என்ன வந்தது? கண் கலங்கியவர்கள், மேலே வாசிக்க முடியாமல் மூடி வைத்தவர்கள், மேடையில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவர், எல்லோரும் பாகற்காய்க்கா அழுதார்கள்? ஒருவன், ஒரேயொருவன், வாசித்துவிட்டு 'அண்ணை, உங்கடை புயலுக்குள்ளை வெந்தயம் கிடக்கு' என்று எனக்குச் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்தப் பக்கங்களைக் கையில் எடுத்துக்கொண்டு ரெக்ஸ்டேலுக்கு ஓடியிருப்பேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ஆத்திரம் எனக்கு வந்ததில்லை. கையிலிருந்த புதுப் பிரதியைச் சுவரில் எறிந்தேன்.

அவர் அசையவில்லை. "அப்ப நீங்கள் செய்யேல்லையோ?" என்றார்.

"சத்தியமா இல்லை தங்கச்சி. எனக்கு இப்பதான் தெரியும்."

"நான் எத்தினை தரம் வாசிச்சன். இலக்கம் சரியா வருது. அப்ப நீங்கள்தான் மாத்திப் போட்டிருக்கிறியள் எண்டு நினைச்சன். அந்தாள் குடிச்சுப்போட்டுக் கிடந்ததை எழுத வெக்கப்பட்டு மூடியிருக்கிறியளாக்கும் எண்டு. எனக்குச் சீனி எண்டு உங்கடை மனிசிக்குத் தெரியும். 'நடந்ததை விட்டிட்டு உன்ரை உடம்பைப் பார்' எண்டு எனக்குச் சொல்லுறியளோ எண்டும் யோசிச்சன்." என்னிடமிருந்து தன் பிரதியை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தார். "எண்டாலும் அடுத்த புத்தகத்திலை எழுதுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். இனி எழுதமாட்டாராம் எண்டு மனிசி போனிலை சொன்னா. அதுதான் வந்தனான்."

வெளியே தலைவருடைய குரல். "அடுத்து, எங்கள் எழுத்தாளர் ஏற்புரை நிகழ்த்துவார்." நான் கராஜ் கதவை உள்ளே சாத்தினேன்.

"தங்கச்சி, அவன் குடிக்கேல்லை."

அவர் திராட்சைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். புயலடித்த அன்று பின்னேரம் அவனும் நானும் குடித்தது தேநீர் என்று சொன்னேன். சங்கிலி அறுந்தபோது கப்டன் கீழே வந்து ஆள் கேட்டான் என்று சொன்னேன். இந்தக் கடலில் ஒருவரும் போகக்கூடாது, முதலில் கப்பலைக் காற்றுக்கு எதிரே திருப்பு என்று நான் சொன்னதையும், கப்டன் என்னைத் தள்ளிவிட்டு அவனைப் பார்த்ததையும் சொன்னேன்.

"அவர் என்ன சொன்னவர்?"

"'கட்டாட்டி மரம் முழுக்க ஒரு பக்கம் சரிஞ்சு எல்லாரும் போயிடுவம்' எண்டான். என்ரை கையுறையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போனவன். நல்ல நிதானத்திலை போனவன்."

"கம்பனி...?"

"கம்பனி சொன்னது பச்சைப் பொய்."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"நான் அந்தாளை ஒவ்வொரு நாளும் திட்டினனான் அண்ணை. செபமாலை சொல்லி முடிச்சுப்போட்டுத் திட்டினனான். குடிச்சுச் செத்ததுக்கு என்ன பூசை எண்டு, இவ்வளவு வருசத்திலை அந்தாளின்ரை பேருக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்கேல்லை."

வெளியே என்னை இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள், பிறகு யாரோ பாடத் தொடங்கினார்கள். நான் அவருக்கு என்ன சொல்ல முடியும்? எனக்குத் தெரிந்த ஆறுதல் எல்லாம் மேடைகளில் கேட்ட ஆறுதலாக இருந்தது.

அவர் கைப்பையைத் துழாவித் தொலைபேசியை எடுத்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று என்னிடம் நீட்டினார், நான் மகளின் பெயரைத் தேடி அழுத்திக் கொடுத்தேன். மறுபக்கம் எடுக்கும்வரை எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"பிள்ளை, வேலையிலையோ நிக்கிறாய்? ஓம், தெரியும். ஒரு நிமிசம் கேள். அப்பா குடிச்சிட்டு விழேல்லை."

மறுபக்கம் ஏதோ கேட்டது.

"இல்லை பிள்ளை. நான்தான் உனக்குப் பிழையாச் சொல்லித் தந்திட்டன்."